பெஹிஜா அண்ணிக்கு ஒதுக்கப்பட்ட மொழி

எழுதுவதற்கு எந்தத் தகுதியும் எனக்கு இல்லை என்பதை முதற்கண் பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன். அரபு நாட்டுக் கடலோர ஊரான மஹ்தியாவின் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பிக்கும் என் எழுத்து, இதுநாள்வரை வினாத்தாளுக்கு அப்பால் சென்றதில்லை. கதை சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் இடையில் புகுந்தமைக்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இக்கதையில் வரும் உயர் மையத்தைச் சேர்ந்த பெருமக்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அவர்களிடம் தனியாகவும் மன்னிப்புக் கோருகிறேன். அவர்களில் ஒருவரைக்கூட நான் மிகைப்படுத்தவில்லை. அதற்கான திறமை எனக்கு இல்லை, தேவையும் ஏற்படவில்லை.

என் அண்ணன் ஹமாதி, இத்தாலியின் வடக்கே, பெல்லுனோவுக்கு அருகிலுள்ள மலையூர் ஒன்றில், மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்தார். அண்ணி பெஹிஜா இங்கே மஹ்தியாவில், எங்கள் வீட்டு மேல்தளத்தில் இருந்தார். ஒவ்வொரு கோடையிலும் அண்ணன் கப்பலில் காரோடு வந்து இறங்குவார். காரின் தலைமேல் ஒரு மெத்தையோ துவைக்கும் இயந்திரமோ கட்டப்பட்டிருக்கும். கோடை முடியும்வரை இருவரும் நேரில் சண்டையிடுவார்கள். எஞ்சிய மாதங்களில் தொலைபேசியில் சண்டையிடுவார்கள். எங்கள் தெருவில் அதைவிட மகிழ்ச்சியான இல்லறத்தை நான் கண்டதில்லை.

சென்ற ஆண்டு குளிர்காலத்தின் தொடக்கத்தில், அண்ணனின் மூளையில் இரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. உயிர் தப்பினார். வலக்கை செயலிழந்தது, அதனுடன் அரபு மொழியும் போயிற்று. மருத்துவமனையில் பிரெஞ்சு அறிந்த மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் எனக்கு இதை விளக்கினார். தாய்மொழி முற்றாக அழிந்து, பிற்காலத்தில் கற்ற மொழி மட்டும் எஞ்சுவது அரிதாக நிகழ்வதுண்டாம். அண்ணனிடம் எஞ்சியது இத்தாலிய மொழி. அதிலும் நாள்தோறும் யாராவது அவருடன் பேச வேண்டும், குறிப்பாக நெருங்கியவர்கள் பேச வேண்டும், இல்லையேல் அதுவும் மெல்ல மெல்லக் கரைந்துவிடும் என்று அவர் எச்சரித்தார். பிறகு அண்ணனை மலையூரில் இருந்த பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இத்தாலிய மொழியைத் தவிர வேறு எதுவும் தெரிந்தவர் எவருமில்லை.

முதல் காணொளி அழைப்பில் அண்ணி அழுதார், திட்டினார், மீண்டும் அழுதார். அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி, அயல்நாட்டு விருந்தாளியின் பேச்சைக் கேட்பவர்போல் மிகுந்த மரியாதையுடன் புன்னகை செய்துகொண்டிருந்தார். முடிவில் தட்டுத்தடுமாறி, "கிராட்ஸியே, சின்யோரா" என்றார். நன்றி அம்மணி, என்று பொருள்.

அண்ணி தொலைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அம்மணியாமே! நல்லா இருந்தப்ப ஒருநாள் என்னை மரியாதையா கூப்பிட்டிருப்பாரா, தம்பி? இப்ப கூப்பிடுறாரு. இந்த மரியாதையைக் கொண்டுபோய் அடுப்புல போடு."

"அண்ணி, கொஞ்சம் பொறுமையா…"

"என்னத்த பொறுமை? அவருக்கு நம்ம பாஷை மறந்துபோச்சு. சரி. அவரு பாஷையை நான் கத்துக்கிறேன். அவ்வளவுதானே விஷயம்? இதுக்கு எதுக்கு மூஞ்சியை இப்படி வச்சிருக்க?"

விஷயம் அவ்வளவுதான் என்று நானும் நம்பினேன். விசா கேட்டு விண்ணப்பித்தோம், மறுத்துவிட்டார்கள். கைப்பேசியிலுள்ள மொழிபெயர்ப்புச் செயலியை முயன்றோம். அது அண்ணனின் குழறலை வானிலை அறிக்கையாக மாற்றித் தந்தது. எஞ்சியிருந்த வழி கற்பது ஒன்றே. ஊரில் இத்தாலிய மொழி சொல்லித்தந்த ஒரே ஆசிரியை, கதவைப் பாதி திறந்து, "அட்டை இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்றதும் முழுவதும் மூடினார். அப்போதுதான் எங்களுக்குப் புதிய ஒழுங்குமுறை தெரியவந்தது. அடுத்துக் கற்கவேண்டிய அயல்மொழியைத் தெரிவுசெய்யும் தேசிய உயர் மையம் வழங்கும் வழிகாட்டல் அட்டை இன்றி, எந்தக் குடிமகனுக்கும் எந்த அயல்மொழியையும் எவரும் கற்பிக்கலாகாது.

மையத்தின் மஹ்தியா கிளை கடற்கரைச் சாலையில், ஊரிலேயே அழகான கட்டடத்தில் இயங்கிவந்தது. அங்கே மொழி எதுவும் கற்பிக்கப்படுவதில்லை. எந்த மொழி என்று தெரிவுசெய்யப்பட்ட பின்னர் கற்பிக்கப்படும். அதுவரை, தவறான மொழி எதையும் எவரும் தற்செயலாகக் கற்றுவிடாமல் காப்பதே மையத்தின் பணி. பெயர்ப்பலகையில் அரபும் பிரெஞ்சும் எழுதப்பட்டு, தெரிவாகப்போகும் மொழிக்காக மூன்றாவது வரி ஒன்று காலியாக விடப்பட்டிருந்தது. நூலகத்தில் இருபுறமும் கண்ணாடி அலமாரிகள். அவற்றினுள் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாத அகராதிகள். இத்தாலிய அகராதியும் இருந்தது. அண்ணி கண்ணாடியில் நெற்றி முட்டும்படி அதைப் பார்த்தார்.

வாயிற்காவலர், எங்களைக் கண்டதுமே, "நாளைக்கு வாங்க" என்றார்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியேப்பா."

"அதனாலதாம்மா நாளைக்கு. சொல்லியிருந்தீங்கன்னா அடுத்த வாரம்."

மறுநாள் சென்றோம். ஆலோசகர் திருமதி இன்சாஃப், அன்பே உருவானவர். அண்ணியை உட்காரவைத்து, பாதாம் பாகு வரவழைத்துக் கொடுத்து, கணினியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, பெண்களை மரியாதையாக அழைக்கும் 'லல்லா'வைச் சேர்த்துப் பேசினார்.

"சொல்லுங்க, லல்லா பெஹிஜா. எதுக்காகக் கத்துக்க ஆசைப்படுறீங்க?"

"என் புருஷன்கிட்ட பேசணும்."

"அருமை. வர்த்தகம், முதலீடு, ராஜதந்திரம், சுற்றுலா. இந்த நாலுல எது?"

"புருஷன்."

"அது இதுல இல்லையே."

"இருக்காருங்க. படுக்கையிலதான் இருக்காரு, ஆனா இருக்காரு."

"நூறு வருஷம் இருக்கட்டும். நான் கம்ப்யூட்டரைச் சொன்னேன்." திருமதி இன்சாஃப் நெற்றியைத் தடவி யோசித்தார். "அவரு வெளிநாட்டுலதானே இருக்காரு? எப்பவாவது இங்க வருவாரா?"

"கோடைக்கு வருவாரு. வந்துட்டுப் போயிடுவாரு."

"அப்புறம் என்ன? அவரு சுற்றுலாப் பயணி. சுற்றுலான்னு போட்டுட்டேன் பாருங்க. எவ்வளவு சுலபமா முடிஞ்சுது!"

தாம் இத்தனை ஆண்டுகள் ஒரு சுற்றுலாப் பயணிக்கு வாழ்க்கைப்பட்டிருந்ததை அண்ணி அமைதியாக ஏற்றுக்கொண்டார். எனினும் அடுத்த படி ஒன்று இருந்தது. மஹ்தியாவாசிகள் எல்லோருக்கும் இத்தாலிய மொழி தெரியும் என்பது மையத்தின் அடிப்படை அனுமானம். கடலுக்கு அப்பாலிருந்து வரும் இத்தாலியத் தொலைக்காட்சியை, மொட்டைமாடியில் கம்பி கட்டிப் பார்த்து வளர்ந்த ஊர் அல்லவா இது! தெரிந்த மொழியையே ஒருவர் மீண்டும் அரசுச் செலவில் கற்றுவிடக்கூடாது. ஆகவே, அண்ணிக்கு இத்தாலிய மொழி தெரியாது என்று நிறுவும் அறியாமைச் சான்றிதழ் தேவைப்பட்டது. அதற்கென ஒரு தேர்வு இருந்தது.

தேர்வாளர், வெண்துணியால் மூடிய தட்டொன்றை மேசையில் வைத்து, துணியை விலக்கி, ஒரு முள்கரண்டியைக் காட்டினார்.

"இது என்ன?"

"ஃபர்ஷீத்தா" என்றார் அண்ணி, எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுபோல்.

தேர்வாளரின் புருவம் உயர்ந்தது. "இதை வீட்டுல எங்க வைப்பீங்க?"

"குஜீனாவுலதான். வேற எங்க வைப்பாங்க?"

"ரெண்டுமே இத்தாலியன்" என்றார் தேர்வாளர், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த நிறைவுடன்.

"ஐயா, எங்க அம்மாவும் சமையல்கட்டை அப்படித்தான் சொல்லுவாங்க. இந்தத் தெருவுல போற பூனைகூட அப்படித்தான் சொல்லும்."

"அப்ப பரம்பரையா தெரிஞ்சிருக்கு."

அவரும் தம் வீட்டில் முள்கரண்டியை ஃபர்ஷீத்தா என்றே சொல்லக்கூடும் என்பதை நான் சுட்டிக்காட்ட எண்ணினேன். பதவியின் பொருட்டு அவர் கையால் உண்பவராக இருக்கலாம் என்று கருதி, அமைதியானேன். அண்ணிக்கு 'மேல்நிலை அறிவு உடையவர்' என்ற முடிவு வழங்கப்பட்டது. மேல்நிலை அறிவு உடையவர் தொடக்க வகுப்பில் சேர இயலாது. மேல்நிலை வகுப்பில் சேர, தொடக்க வகுப்பை முடித்திருக்க வேண்டும்.

"கவலைப்படாதீங்க" என்றார் திருமதி இன்சாஃப். "உங்களைக் கைவிட்டுட மாட்டோம். முடிவு வர்ற வரைக்கும் மஹ்தியாவுக்குத் தற்காலிகமா கொரிய மொழி ஒதுக்கியிருக்காங்க. எதிர்காலம் உள்ள மொழி. உங்க பேரைச் சேர்த்துடறேன்."

"கொரிய மொழியா? அவருக்குக் கொரிய மொழி தெரியாதேம்மா."

"அதுல என்ன? அவரையும் கத்துக்கச் சொல்லுங்க. அவருக்கும் புதுசு, உங்களுக்கும் புதுசு. கணவன் மனைவிக்குள்ள சமத்துவம் வரும். இன்னிக்கு எத்தனை குடும்பத்துல இருக்கு அது?"

படியிறங்கும்போது அண்ணி கேட்டார்: "தம்பி, அந்தப் பொம்பளை என்னைக் கேலி பண்றாளா, இல்ல நிஜமாவே சொல்றாளா?"

"நிஜமாத்தான் சொல்றாங்க, அண்ணி."

"கேலின்னா மன்னிச்சிருப்பேன்."

அன்று மாலையே அண்ணி எங்கள் பக்கத்து வீட்டுக் கமீஸ் மாமாவின் கதவைத் தட்டினார். கமீஸ் மாமா இளமையில் சிசிலித் தீவின் மீன்பிடிப் படகுகளில் உழைத்தவர். இத்தாலிய மொழி தனக்குத் தாய்ப்பால் மாதிரி என்று காப்பிக்கடையில் சொல்லிக்கொள்பவர். முதல் பாடத்திலேயே உண்மை வெளிப்பட்டது. அவருக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் ஒரு பாதி மீன்களின் பெயர்கள். மறுபாதி, படகுத் தலைவன் அவரை அழைத்த பெயர்கள்.

"மீனை மட்டும் சொல்லித்தாங்க, மாமா. மத்தது வேணாம்."

"மத்ததுலதான் மகளே எனக்கு உச்சரிப்பு சுத்தம்."

"வேணும்னா அதைக் கடைசியா கத்துக்கிறேன். எனக்கும் அவருகிட்ட சொல்லவேண்டியது நிறைய இருக்கு."

அடுத்த அழைப்பில், அண்ணி கேமராவை நோக்கி நிமிர்ந்து உட்கார்ந்து, "பெஷே ஸ்பாதா" என்றார். வாள்மீன் என்று பொருள். வேறு எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணனின் முகத்தில் அந்த மரியாதைப் புன்னகை மறைந்தது. அவர் அண்ணியைக் கூர்ந்து பார்த்தார். பிறகு வாயின் ஒரு பக்கம் மட்டும் கோணிச் சிரித்து, "ஸார்தே" என்றார்.

"மத்தி! மத்திங்கிறாரு!" என்று கமீஸ் மாமா பின்னாலிருந்து கத்தினார். "விடாதே மகளே, 'தோன்னோ'ன்னு போடு! சூரை!"

அவ்வாறாக அவர்கள் உரையாடத் தொடங்கினார்கள். அண்ணி சூரை என்பார். அண்ணன் நெத்திலி என்பார். அண்ணி சாக்குக்கணவாய் என்று சற்றுக் கோபமாகச் சொன்னால், அண்ணன் சமாதானமாக மத்தி என்பார். மருந்து சாப்பிட்டாரா என்பதை அண்ணி வாள்மீனை ஒருவிதமாக இழுத்துச் சொல்லிக் கேட்டார். அண்ணன் அதைப் புரிந்துகொண்டு கண்ணை மூடித் திறந்தார். ஒருநாள் அவர் மீன் அல்லாத ஏதோ ஒரு முழு வாக்கியத்தைத் தாமாகவே சொன்னார். பொருள் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. எனினும் அது நீளமான வாக்கியம். அண்ணி அன்று தெரு முழுவதற்கும் எள்ளுருண்டை கொடுத்தார்.

வசந்தத்தில் மையத்தின் ஆய்வாளர் வந்தார். அனுமதியற்ற மொழிக் கற்பித்தல் நடைபெறுவதாக மையத்துக்குத் தகவல் கிடைத்திருந்தது.

"நான் எங்கப்பா பாடம் நடத்துறேன்?" என்றார் கமீஸ் மாமா. "மீன் பேரு சொல்றேன். சந்தையில கத்துறவனையெல்லாம் பிடிச்சு உள்ள போடுவீங்களா?"

"அரபுல கத்தினா விடலாம், ஐயா. நீங்க தெரிவு செய்யப்படாத மொழியில கத்துறீங்க. நாளைக்கு அரசாங்கம் வேற மொழியைத் தெரிவு பண்ணிட்டா, இந்த அம்மா தலைக்குள்ள போன மீனையெல்லாம் யாரு வெளிய எடுக்கிறது?"

கமீஸ் மாமா நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துச்செல்லப்பட்டு, அத்தாட்சி பெற்ற கையொப்பத்துடன் உறுதிமொழி அளித்தார். இனி எந்த மீனையும் பிறர் காதில் விழும்படி இத்தாலியப் பெயரால் அழைப்பதில்லை என்பது அதன் சாரம். அவருடைய மகன் அரசுத் துறைமுகத்தில் தற்காலிகப் பணியாளர். அதை ஆய்வாளர் கனிவுடன் நினைவூட்டியிருந்தார். அன்றுமுதல் அண்ணி கதவைத் தட்டினால், கமீஸ் மாமா உள்ளேயிருந்தே, "தூங்கிட்டேன் மகளே" என்று பதில் சொன்னார்.

கற்ற மீன்கள் சீக்கிரம் தீர்ந்தன. அண்ணி அவற்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணன் முதலில் பதில் சொன்னார், பிறகு தலையசைத்தார், பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி மேல்முறையீடு செய்தார். மையத்தின் தலைமை இயக்குநர் டாக்டர் மொக்தார் ஸர்ரூக், உயர் குழுவின் அமர்வில் எங்களை நேரில் கேட்கச் சம்மதித்தது அவருடைய பெருந்தன்மை. எங்கள் ஊர் ஆண்களின் வழக்கப்படி காதின் மேல் மல்லிகைச் செண்டு ஒன்றைச் செருகியிருந்தார். நாங்கள் நுழைந்தபோது குழு வேறொரு பொருளை விவாதித்துக்கொண்டிருந்தது. விவாதத்தில் அனல் பறந்தது. ஒருவர் மேசையைத் தட்டினார். மற்றொருவர் எழுந்து நின்று நாட்டின் மானத்தைப் பற்றிப் பேசினார்.

பள்ளியைப் பாதியில் விட்ட அண்ணிக்கு அது விளங்கவில்லை. என் காதருகே குனிந்தார். "என்ன சண்டை?"

"பிரெஞ்சு மொழியைத் தலைமுழுகணுமாம். அடிமைப் புத்தியாம் அது."

"எந்தப் பாஷையில சொல்றாங்க?"

"பிரெஞ்சுல."

அண்ணி சற்று நேரம் குழுவினரைப் பரிவுடன் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அண்ணன் சிகரெட்டை இப்படித்தான் விட்டாரு" என்றார். "ஒண்ணைப் பத்தவச்சுக்கிட்டு, விடப்போறேன் விடப்போறேன்னு சொல்லிட்டே இருப்பாரு."

எங்கள் முறை வந்ததும், டாக்டர் ஸர்ரூக் எங்கள்பால் இரக்கம் கொண்டு அரபில் பேசினார்.

"லல்லா பெஹிஜா, உங்க வேதனை எங்களுக்குப் புரியாம இல்ல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ஒரு மொழியைக் கத்துக்கிறது பெரிய விஷயமில்ல, குழந்தைங்ககூடக் கத்துக்குது. எந்த மொழின்னு தீர்மானிக்கிறதுதான் அறிவாளிங்க செய்யற வேலை. இந்த மையம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இந்த மாவட்டத்துல ஒரே ஒரு ஆளுகூடத் தப்பான மொழியைக் கத்துக்கல. நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன் இதை. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? அவனவன் இஷ்டத்துக்குக் கத்துக்கிட்டான். ஒருத்தன் ஜெர்மன், ஒருத்தன் துருக்கி. கத்துக்கிட்டு என்ன பண்ணினான்? பேசினான்! எந்தத் திட்டமும் இல்லாம, கண்டவன்கிட்டயெல்லாம் பேசினான். ஒரு தேசம் அப்படிப் பேசிக்கிட்டே இருக்க முடியுமா?"

குழுவினர் கைதட்டினார்கள்.

"எனக்குத் தேசம் வேணாங்க" என்றார் அண்ணி. "ஒரே ஒரு ஆளு. அவருகிட்ட மிச்சம் இருக்கிற பாஷை போயிட்டே இருக்குன்னு டாக்டர் சொல்றாரு."

"போயிட்டே இருக்கா?" டாக்டர் ஸர்ரூக் முன்னோக்கிச் சாய்ந்தார். "அதை எழுத்துமூலமா தந்திருக்காரா?"

தந்திருந்தார். நான் அதைப் பிரெஞ்சில் படித்துக் காட்டினேன்.

"பார்த்தீங்களா! நல்லவேளை சொன்னீங்க. போயிட்டே இருக்கிற ஒரு மொழியில ஒரு குடிமகள் தன் உழைப்பை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டுறதை நாங்க எப்படி அனுமதிக்க முடியும்? அவரு பேசறது முழுசா நின்னதுக்கு அப்புறம் வாங்க. அப்ப உங்களுக்கு எந்த மொழின்னாலும் ஒண்ணுதான், தெரிவு சுலபமாயிடும்."

அவர் இதை எவ்விதக் கடுமையும் இன்றிச் சொன்னார் என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். அவர் குரலில் அக்கறை இருந்தது. விடைபெறும்போது மல்லிகைச் செண்டை எடுத்து அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி அதை வாங்கி, வாசலில் நின்றிருந்த காவலரின் சட்டைப் பையில் செருகிவிட்டு வெளியே வந்தார்.

அதன்பிறகு ஒரு நற்செய்தி வந்தது. ஒப்பீட்டு ஆய்வுக்காக உயர் குழு முழுவதும் வெனிஸ் நகருக்குச் செல்லவிருந்தது. வெனிஸிலிருந்து அண்ணன் இருந்த மலையூருக்கு ரயிலில் காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். அண்ணி, டாக்டர் ஸர்ரூக்கின் காரை வழிமறித்து, ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே, அண்ணனுக்குப் பிடித்த வறுத்த கொண்டைக்கடலையும் ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறையும்.

"நீங்க ஒருதரம் எட்டிப் பாத்தா போதுங்க. பக்கத்துல உக்காந்து, வீட்டுல எல்லாரும் இருக்காங்க, உன்னை விட்டுட்டுப் போயிடலன்னு அவரு பாஷையில சொல்லிட்டு வந்துடுங்க."

டாக்டர் ஸர்ரூக் பொட்டலத்தை இரு கைகளாலும் பெற்றுக்கொண்டார்.

திரும்பி வந்ததும் அவரே எங்களை அழைத்துப் பேசினார். தேவாலயங்களின் படங்களையும் படகுகளின் படங்களையும் காட்டினார். மலையூருக்குச் செல்ல நேரம் வாய்க்கவில்லை. கொண்டைக்கடலை விமான நிலையத்திலேயே தீர்ந்துவிட்டது. காலுறை, குழுவின் உறுப்பினர் ஒருவருக்குப் பேருதவியாக அமைந்ததாம். வெனிஸில் எதிர்பாராத ஈரம்.

"ஆனா ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு" என்றார் அவர். "நாங்க பார்த்த இத்தாலியர்கள் எல்லாருமே எங்ககிட்ட பிரெஞ்சுலயே பேசினாங்க. ஓட்டல்ல, கடையில, எல்லா இடத்துலயும். அதனால இத்தாலியன் கத்துக்க வேண்டிய அவசியமே இல்லைன்னு ஒரு தரப்பு சொல்லுது. ஆனா அந்தக் காப்பி இருக்கே, லல்லா பெஹிஜா… அதைக் குடிச்சதுக்கு அப்புறம் குழுவுல பெரும்பான்மை இத்தாலியன் பக்கம் சாஞ்சிடுச்சு. இந்த மாதிரி இன்னும் ரெண்டு மூணு ஆய்வுப் பயணம் போனா உறுதியாயிடும்."

பின்னர் கோடை வந்தது. கோடையில் எங்கள் நாட்டு அலுவலகங்கள் நண்பகலுக்குச் சற்றுப் பின் மூடப்படும் என்பதையும், மூடப்படும்வரை ஊழியர்கள் மூடப்படும் நேரத்தை எதிர்பார்த்திருப்பர் என்பதையும் எங்கள் ஊரில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. கப்பலில் கார்கள் வந்து இறங்கின. தலைமேல் மெத்தைகள். அண்ணி மாடியிலிருந்து தெருவைப் பார்க்காமல் இருக்க, அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்தார்.

இலையுதிர் காலத்தில் மையம் தன் முடிவை அறிவித்தது. அடுத்துக் கற்கவேண்டிய அயல்மொழி இத்தாலிய மொழி. பெரும் விழா ஏற்பாடாயிற்று. மாவட்டத்தின் முதல் வழிகாட்டல் அட்டை அண்ணிக்கு வழங்கப்படும் என்றும், அவர் மேடையில் சில சொற்கள் பேச வேண்டும் என்றும் திருமதி இன்சாஃப் வீட்டுக்கே வந்து சொன்னார். வகுப்புகள் எப்போது தொடங்கும் என்று நான் கேட்டேன். ஆசிரியர் பணியிடம் ஒன்றுதான் அனுமதிக்கப்பட்டதாகவும், அதில் விழா ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்துவிட்டதாகவும், அடுத்த பணியிடத்துக்கு எழுதியிருப்பதாகவும் அவர் கூறினார்.

மேடையில் தலைமை இயக்குநரும் தலைநகரிலிருந்து வந்த பெரியவர்களும் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். உரைகள் பிரெஞ்சில் நிகழ்ந்தன. இத்தாலிய மொழியின் இனிமை குறித்து ஒருவர் கண்கலங்கப் பேசினார். பிறகு அண்ணியை அழைத்து, பளபளக்கும் அட்டையை அவர் கழுத்தில் அணிவித்து, ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

அண்ணி அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நேத்து போன்ல பாத்தேன்" என்றார். "அவரு கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் திறந்து கிடக்கு. போர்வை காலுக்குக் கீழ விழுந்து கிடக்கு. குளிருதான்னு கேக்கணும். அவ்வளவுதான். நீங்க எல்லாரும் பெரியவங்க. இத்தாலியன்ல குளிருதான்னு எப்படிக் கேக்கறது? சொல்லுங்க, நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

மேடையில் இருந்தவர்கள் புன்னகை செய்தார்கள். முதலாமவர் இரண்டாமவரைப் பார்த்தார். இரண்டாமவர் மூன்றாமவரைப் பார்த்தார். பார்வை வரிசையின் கடைசிவரை சென்று, அங்கே ஒரு பூச்செண்டின்மேல் நின்றது. டாக்டர் ஸர்ரூக் எழுந்து வந்து ஒலிவாங்கியை மென்மையாக வாங்கிக்கொண்டார்.

"மிகச் சிறந்த கேள்வி" என்றார். "குழுவின் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும்."

நீண்ட கைதட்டல் எழுந்தது. அண்ணி இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி," என்றார், "இவங்க யாருக்குமே தெரியாதா?"

"தெரியாது, அண்ணி."

"எனக்குத் தெரியாதுன்னு நிரூபிக்க முடியாமத்தானே இத்தனை நாள் வெளியில நின்னேன்!"

அந்த வாரம் வெள்ளிக்கிழமை முற்பகலில் பராமரிப்பு இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. காணொளி இல்லை, குரல் மட்டும். நான் பள்ளியில் இருந்தேன். பெண் குரல் ஒன்று, மெதுவாக, இனிமையாக, நெடுநேரம் பேசியது. அண்ணி கட்டிலின் விளிம்பில் அமர்ந்து கேட்டார். இத்தனை நீளமாகப் பேசுவதென்றால் நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அண்ணன் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்; அல்லது ஏதாவது பேசியிருக்க வேண்டும். அந்தக் குரல் நிறுத்திய இடங்களிலெல்லாம் அண்ணி "ஸீ, ஸீ" என்றார். ஆமாம், ஆமாம். முடிவில், "கிராட்ஸியே" என்று நன்றியும் சொன்னார். நான் வீடு திரும்பியபோது அடுப்பில் கோதுமை ரவைக் கூஸ்கூஸ் வெந்துகொண்டிருந்தது. அண்ணி என்னிடம், "போன் பண்ணாங்க தம்பி, நல்ல மனுஷங்க, ரொம்ப நேரம் பேசினாங்க" என்றார்.

திங்கட்கிழமை தூதரகத்திலிருந்து அரபில் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை விடியலில் அண்ணன் இறந்திருந்தார். இரண்டாம் முறை அடைத்துக்கொண்டதாம்.

அண்ணி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நான் அந்தம்மாவுக்கு நன்றி சொன்னேனே, தம்பி. அவங்க என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க?"

மையத்தின் ஆண்டறிக்கை பின்னர் வெளியானது. மஹ்தியா கிளையில் சேர்ந்தோர் ஒருவர். சொந்தக் காரணங்களால் விலகினார் என்று அதில் உள்ளது. இழப்புகள் என்ற தலைப்பின்கீழ், விழாவில் உடைந்த தேநீர்க் கண்ணாடிகள் குறிக்கப்பட்டுள்ளன. எங்கள் தரப்பு இழப்புகள் அதில் இடம்பெறாததால், அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஹமாதி, மூக்குக்கண்ணாடித் தொழிலாளி. அவரிடம் எஞ்சியிருந்த இத்தாலிய மொழி. அது அவருக்கு முன்பே போய்விட்டது. அவர் ஒருநாள் தாமாகச் சொன்ன நீளமான வாக்கியம். ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை. கமீஸ் மாமா எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் வழக்கம். கணவர் இறந்த செய்தியைக் கேட்டபோது அண்ணி அழுதிருக்க வேண்டிய அழுகை.